மலக்குடல் இறங்கி உள்ளே போகாமல் நின்றுவிட்டால்: நீலகிரி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

"சிஸ்டர், மூலம் வெளிய வந்துடுச்சு, ஒரு களிம்பு குடுங்க."

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் செவிலியராக இருந்த காலத்தில், இந்தப் பேச்சைக் கேட்காத மாதமே கிடையாது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பது, அறுபதைத் தாண்டிய அக்காமார்கள். முதல் வருடம் நானும் களிம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். காட்டச் சொல்லவில்லை, அவர்களுக்கும் காட்ட மனம் வரவில்லை. பிறகு ஒரு மழை நாளில் லைன் வீட்டிலிருந்து ஒரு பாட்டியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். பார்த்தால் மூலமே இல்லை. மலக்குடல் ஓர் உள்ளங்கை நீளத்துக்கு வெளியே வந்து, ஊதா நிறத்தில் வீங்கி நின்றது. ஒன்பது வருடமாக வந்து வந்து போய்க்கொண்டிருந்ததாம். துணியை மடித்து அணைகொடுத்துக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்த மருமகளுக்குக்கூடத் தெரியாது.

பாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் பகலில், நிதானமாக, நாள் குறித்துச் செய்துகொண்டிருக்கக்கூடிய ஆபரேஷன், நள்ளிரவில் மலையிறங்கிப் போய்க் குடலை வெட்டி எடுக்கிற ஆபரேஷனாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான்: இந்த நோயைச் சிக்கலாக்குவது பெரும்பாலும் குடல் இல்லை, நாள் கடத்துவதுதான். அதுவும் மலையில் இருக்கிற நமக்கு, சர்ஜன் இருக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாலை கிடக்கிறது. அந்தச் சாலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் எல்லா முடிவும் எடுக்க வேண்டும்.

இந்த நோய் தங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவர்களுக்காக, முதலில் என்ன, அடுத்து என்ன என்று எழுதுகிறேன். டாக்டர் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அவர் முன்னால் போய் உட்காரும்போது தெளிவோடு உட்கார இது உதவும்.

முதல் படி: மூலமா, மலக்குடலா?

மூலம் என்பது ஆசனவாயில் உள்ள இரத்தக்குழாய் மெத்தைகள் வீங்கி இறங்குவது. மலக்குடல் இறக்கம் வேறு. சட்டைக் கையை உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்துத் திருப்புவோமே, அதுபோலக் குடலின் சுவர் எல்லா அடுக்கோடும் திரும்பி வெளியே வருகிறது. கண்ணால் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மூலம் துண்டு துண்டாக, ஆரஞ்சுச் சுளைகளைச் சுற்றி அடுக்கினாற்போல, நடுவிலிருந்து வெளியே ஓடும் கோடுகளோடு இருக்கும். மலக்குடல் இறங்கியிருந்தால் குறுக்கே வெட்டிய வெங்காயம்போல ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வளையங்கள் தெரியும்; நடுவில் துளை இருக்கும்.

கூடவே சளி கசியும், உள்ளாடையில் இரத்தக் கறை படியும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலம் கட்டுப்படாமல் கொஞ்சமாவது கசியும். வேறு சிலருக்கு நேர் எதிராக, எவ்வளவு முக்கினாலும் முழுசாகப் போகாது. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது ஆண்களைவிட ஆறு மடங்கு அதிகமாக வருகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆனால் நம் நாட்டில் இருபது, முப்பது வயது ஆண்களும் இதோடு வருகிறார்கள். "பொம்பளைங்க வியாதி" என்று நினைத்து அவர்கள் இன்னும் அதிகமாக மறைக்கிறார்கள்.

டாக்டரிடம் போய்ப் படுத்ததும் அது உள்ளே ஒளிந்துகொள்ளும். "ஒண்ணுமில்லையேம்மா" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் வெளியே வந்திருக்கும்போது வீட்டில் நம்பிக்கையான ஒருவரை விட்டுக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் நீளமும் தெரியும். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு படம் மூன்று முறை அலைவதை மிச்சப்படுத்தும். டாக்டரிடம் காட்டியபின் அழித்துவிடலாம். படம் இல்லையென்றால், "கழிப்பறையில் உட்கார்ந்து முக்கிக் காட்டுகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். சர்ஜன்கள் வழக்கமாகக் கேட்பதுதான் இது.

சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் பயப்பட வேண்டாம். வயிற்றுப்போக்கு, பூச்சி, சத்துக்குறைவு, விடாத இருமல், மலச்சிக்கல் ஆகியவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஆபரேஷன் வரை போவது அபூர்வம். ஆனாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இன்னொன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். "மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று பலகை வைத்திருக்கும் இடங்களில் இதைக் காட்டி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், மருந்து வைத்துச் சுட்டுக்கொள்ளாதீர்கள். வெளியே வந்திருப்பது முழுக் குடல். அதில் எரிக்கிற மருந்தை ஏற்றினால் அந்த இடம் அழுகும். அப்படி அழுகி வந்த ஒருவரின் புண்ணுக்கு நான் மருந்து வைத்திருக்கிறேன்.

இரண்டாம் படி: உள்ளே போகவில்லை என்றால் அடுத்த அரை மணி நேரம்

வந்த குடல் ஒவ்வொரு முறையும் தானாகவோ கையால் தள்ளியோ உள்ளே போய்விட்டால் அவசரம் இல்லை. போகாமல் நின்றுவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. ஆசனவாய்ச் சுருக்குத் தசை ரப்பர் வளையம்போல இறுக்குகிறது. உள்ளே வந்த இரத்தம் திரும்பிப் போக முடியாமல் குடல் வீங்குகிறது. வீங்க வீங்க வளையம் இன்னும் இறுகுகிறது. கடைசியில் உள்ளே வரும் இரத்தமும் நின்று, குடல் சாகத் தொடங்குகிறது.

முதலில் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு, சிவப்பு என்றால் குடலுக்கு இரத்தம் போகிறது. கறுப்பு, சாம்பல், நாற்றம், தாங்க முடியாத வலி, காய்ச்சல், நிற்காத இரத்தம், கிழிந்த இடத்தில் சிறுகுடல் தெரிவது என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் தொடவே கூடாது. சுத்தமான துணியை உப்புநீரில், அதாவது சலைன் இருந்தால் அதில், இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்து மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். வாய்க்கு எதுவும், தண்ணீர்கூட, கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவே கருஞ்சிவப்பாக, ஊதாவாக இருந்தால் அதையும் இந்தப் பக்கமே சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் முயன்று பார்க்கும் நேரம் அதில்லை.

சிவப்பாக இருந்து, வீக்கத்தால் மட்டும் போகவில்லை என்றால், ஆளை இடப்பக்கமாக முழங்கால் வயிற்றைத் தொடும்படி படுக்கவையுங்கள். இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்துங்கள். பிறகு சமையலறையில் இருக்கிற சாதாரண வெள்ளைச் சர்க்கரையை, கருப்பட்டியோ தேனோ வேண்டாம், வெளியே வந்த குடல் முழுவதும் மூடும்படி தாராளமாகத் தூவுங்கள். கேட்டால் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும். ஆனால் அறுவை மருத்துவ இதழ்களிலேயே வந்த முறை இது. ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் மாங்காயில் நீர் விடுகிற மாதிரி, சர்க்கரை வீங்கிய குடலிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. பதினைந்து இருபது நிமிடத்தில் வீக்கம் வற்றும். கையுறை போட்டு, வழுக்கும் ஜெல்லியோ வாசலினோ தடவி, நுனியிலிருந்து மெதுவாக, ஒரே சீராக அழுத்த வேண்டும். இதைச் செய்யும்போதே தோட்டத்துச் செவிலியருக்கோ 108-க்கோ பேசிவிடுங்கள். இரண்டு முறை மென்மையாக முயன்றும் போகவில்லையென்றால் நிறுத்துங்கள். முரட்டுத்தனமாகத் தள்ளினால் குடல் கிழியும்.

உள்ளே போய்விட்டதா? நல்லது. அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை நின்ற குடல் மறுபடியும் நிற்கும். அந்த வாரத்துக்குள் சர்ஜனைப் பார்த்தாக வேண்டும்.

எங்கே போவது?

அவசரத்தில் கிட்டத்து ஆஸ்பத்திரி எது என்பதைவிட, இன்றிரவு சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்பதே கேள்வி. ஆம்புலன்சில் வருகிற ஊழியரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களால் போன் செய்து விசாரிக்க முடியும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை இருக்கிறது, கீழே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஊட்டியே 50 கிலோமீட்டருக்கு மேல். நடுவட்டத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் அந்தத் தூரம் இரட்டிப்பாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா என்று கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். குடல் நிறம் மாற ஆரம்பித்தபின் "விடியட்டும் பார்க்கலாம்" என்பதற்கு இங்கே இடமே இல்லை.

மூன்றாம் படி: எதைச் சிக்கல் என்கிறார்கள், அதற்கு எந்த ஆபரேஷன்?

ஒரே ஆபரேஷன் எல்லோருக்கும் பொருந்தாது. வழிகள் இரண்டு: வயிற்றின் வழியாகப் போய்க் குடலை மேலே இழுத்து நிறுத்துவது ஒன்று, கீழே, ஆசனவாய் வழியாகவே சரிசெய்வது இன்னொன்று. ஆளின் வயது, இதயம், நுரையீரல், மலச்சிக்கல் இருக்கிறதா, முன்னால் என்ன ஆபரேஷன் நடந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் சர்ஜன் முடிவு செய்வார்.

உடம்பு தாங்கும் என்றால் வயிற்று வழியைத்தான் பல சர்ஜன்கள் முதலில் யோசிப்பார்கள். இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோபியில், சின்னச் சின்னத் துளைகளில் செய்கிறார்கள். மலக்குடலைச் சுற்றி விடுவித்து, மேலே இழுத்து, முதுகெலும்பின் அடிப்பகுதி எலும்போடு தையல் போட்டு நிறுத்துவது ரெக்டோபெக்ஸி. பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து 2004-இல் அறிக்கை வந்தபின் பரவலான இன்னொரு முறை வென்ட்ரல் மெஷ் ரெக்டோபெக்ஸி. மலக்குடலின் முன்பக்கத்தில் மட்டும் ஒரு வலைத்துண்டைத் தைத்து, அதை எலும்பில் மாட்டித் தொங்கவிடுவார்கள். பின்பக்கத்து நரம்புகளைத் தொடாததால், ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாக மலச்சிக்கல் வருவது இதில் குறைவு. வலை குடலையோ யோனியையோ அரித்து வெளியே தெரிவது நூற்றில் ஓரிருவருக்கு நடக்கலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். பழைய மலச்சிக்கல் கடுமையாக இருந்து, பெருங்குடலின் சிக்மாய்டு பகுதி நீண்டு மடிந்து கிடந்தால், அந்தத் துண்டையும் வெட்டி எடுத்து நிறுத்துகிற முறை ஒன்று இருக்கிறது. குடலை வெட்டுகிற இடத்தில் பொதுவாக வலை வைக்க மாட்டார்கள், தொற்று ஏறிவிடும் என்பதால்.

இளவயது ஆண்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். இடுப்புக்குள் ஆழமாக விடுவிக்கும்போது தாம்பத்திய உறவுக்கான நரம்புகள் பாதிக்கப்படும் வாய்ப்பு, குறைவாகவாவது, உண்டு. இதைக் கேட்க வெட்கப்பட்டு, பிறகு வருந்திய ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

கீழ்வழி ஆபரேஷன்கள் உடம்பு தளர்ந்தவர்களுக்கு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். வெளியே வருவது சிறிதாக இருந்தால் டெலார்ம் முறை: உள்தோலை மட்டும் உரித்தெடுத்து, தசையை விசிறிபோல மடித்துத் தைப்பார்கள். 1900-இல் ஒரு பிரெஞ்சு இராணுவ சர்ஜன் சொன்னது, இன்றைக்கும் நடக்கிறது. நீளமாக வந்திருந்தால் ஆல்ட்மியர் முறை: வெளியே வந்த குடலையே முழுசாக வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் ஆசனவாய்க்குச் சற்று மேலே இணைத்துவிடுவார்கள். தளர்ந்த இடுப்புத்தளத் தசையையும் அப்போதே சேர்த்துத் தைக்கலாம். வயிற்றில் தழும்பே இருக்காது. கீழ்வழி முறைகளில் குடல் மறுபடி இறங்கும் வாய்ப்பு வயிற்று வழியைவிட அதிகம் என்றே பொதுவாகக் கருதுகிறார்கள். எழுபத்தைந்து வயதில் இதயம் பலவீனமாக இருக்கிற ஒருவருக்கு அந்தப் பேரம் நியாயமானதுதான்.

ஆசனவாயைச் சுற்றிக் கம்பியோ நூலோ கட்டிச் சுருக்குகிற தியர்ஷ் முறை மிகப் பழசு. இன்று வேறு எதையும் தாங்க முடியாத முதியவர்களுக்கே அதுவும் எப்போதாவது செய்வார்கள்.

இனி, சிக்கல்கள். குடல் வெளியே நின்று கறுத்துவிட்டால் உள்ளே தள்ளும் பேச்சுக்கே இடமில்லை. அவசரமாக ஆல்ட்மியர் முறையில் செத்த குடலை வெட்டுவார்கள். திசுக்கள் நல்ல நிலையில் இருந்தால் உடனே இணைப்பார்கள். தொற்று அதிகமாக இருந்தால், ஆள் மிகவும் சோர்ந்திருந்தால், வயிற்றில் ஒரு வழி திறந்து பை மாட்டுவார்கள். "பையா?" என்று வீட்டார் அழுவதைப் பார்த்திருக்கிறேன். பலருக்கு அது சில மாதங்களுக்குத்தான். பிறகு மூடிவிடலாம். சிலருக்கு நிரந்தரமாகவும் இருக்கும். முன்கூட்டியே "தற்காலிகமா, நிரந்தரமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடல் கிழிந்து சிறுகுடல் வெளியே வருவது மிக அபூர்வம். வந்தால் வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும்.

கர்ப்பப்பையும் சேர்ந்து இறங்கியிருப்பது இன்னொரு வகைச் சிக்கல். நம் அக்காமார்களிடம் இது நிறைய உண்டு. பலமுறை பிரசவம், முதுகில் இலை மூட்டை, நாள் முழுக்கச் சரிவில் நிற்பது. ஒரு டாக்டரிடம் கர்ப்பப்பைக்கும், இன்னொருவரிடம் மலக்குடலுக்கும் என்று இரண்டு முறை அறுத்துக்கொள்ளாமல், மகப்பேறு டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து ஒரே நாளில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். "அடி இறங்குது" என்று மட்டும் சொன்னால் எது இறங்குகிறது என்று யாருக்கும் புரியாது. முன்பக்கமா, பின்பக்கமா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே ஆபரேஷன் செய்து மறுபடி இறங்கியவர்கள். இவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுங்கள். இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வதல்ல. முன்பு கீழ்வழியாகக் குடலை வெட்டி இணைத்திருந்தால், இப்போது வயிற்று வழியாக இன்னொரு துண்டை வெட்டும்போது இரண்டு இணைப்புக்கும் நடுவே இருக்கும் குடலுக்கு இரத்த ஓட்டமே இல்லாமல் போகலாம். சர்ஜனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். காகிதம் தொலைந்திருந்தால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் நகல் கேட்கலாம். தேதியும் பெயரும் சொன்னால் தேடிக் கொடுப்பார்கள்.

நான்காம் படி: சோதனைகளும் காகிதங்களும்

கொலோனோஸ்கோபி எதற்கு என்று கேட்பார்கள். குடலில் ஒரு கட்டி இருந்து அதுவே குடலை இழுத்துக்கொண்டு வருகிறதா என்று பார்க்க. ஆபரேஷனுக்கு முன் அது அவசியம். அவசர நிலையில் மட்டும் பிறகு செய்வார்கள். மலம் கழிக்கும் விதத்தைப் படம்பிடிக்கும் டெஃபிகோகிராம், சுருக்குத் தசையின் பலத்தை அளக்கும் மேனோமெட்ரி ஆகியவை கோவை போன்ற பெரிய ஊர்களில் கிடைக்கும். எல்லோருக்கும் தேவைப்படாது. மலம் கசிபவர்களுக்கும், உள்ளேயே மடிந்து வெளியே தெரியாதவர்களுக்கும், இரண்டாம் முறை ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

செலவைப் பற்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று ஆகியவற்றை நோய் வருவதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. தனியார் ஆஸ்பத்திரி என்றால் அங்கே உள்ள காப்பீட்டு மேசையில், டாக்டர் எழுதிய ஆபரேஷன் பெயரைக் காட்டி, "இதே பெயருக்கு அனுமதி வருமா, வலைக்கும், குடலை இணைக்கிற ஸ்டேப்ளர் கருவிக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா?" என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் மருத்துவ விடுப்புச் சான்றை டிஸ்சார்ஜ் நாளிலேயே, ஆறு வாரத்துக்கு, கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பிறகு அதற்காக ஒரு முறை மலையிறங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆபரேஷனுக்கு மலையிறங்கும் முன்

இருமலை நிறுத்துங்கள். குளிரும் விறகடுப்புப் புகையும் பீடியும் சேர்ந்து நம் பெரியவர்கள் பலர் இருமிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வோர் இருமலும் தைத்த இடத்தைக் கீழே தள்ளும். நான்கு வாரம் முன்பே பீடியை விட்டு, இழுப்பு இருந்தால் மருந்து சரிசெய்துகொண்டு போனால் மயக்க மருந்தும் எளிதாகும்.

மலத்தை இளக்குங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் காட்டில் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து மாலை வரை அடக்குகிறார்கள். அதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. குளிரில் தாகமும் தெரியாது. டீதான் நாலு முறை. இந்த நோயின் வேர் பலருக்கு அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். காலையில் வெந்நீர், கீரை, பீன்ஸ், சாமை, ராகி, பருப்பு. டீக்குத் தொட்டுக்கொள்ளும் வர்க்கி, பன் எல்லாம் மைதா. கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். டாக்டர் எழுதிக்கொடுக்கிற இசப்கோல், லாக்டுலோஸ் ஆகியவற்றைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் கசிந்து கசிந்து சோகை பிடித்திருக்கும். ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். இதயத்துக்கு இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. எந்த நாள் நிறுத்துவது என்று சர்ஜன் சொல்வார்.

ஆபரேஷனும் வார்டும்

வயிற்று வழி லேப்ராஸ்கோபி என்றால் பொதுவாக இரண்டு மூன்று நாளில் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். குடலை வெட்டி இணைத்திருந்தால் கூடுதல் நாள் ஆகும். முதல் நாளே நடக்கச் சொல்வார்கள். "நேத்துதான் அறுத்தாங்க, எப்படி நடக்கிறது?" என்று பாட்டிமார் கோபிப்பார்கள். நடந்தால்தான் காலில் இரத்தம் உறையாது, குடலும் வேலை செய்யத் தொடங்கும். கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றியாவது நடக்கவையுங்கள்.

துணைக்கு இருப்பவருக்கு ஒரு வேண்டுகோள். முதல் சில நாள் மலம் தெரியாமல் போய்விடலாம். அது தோல்வி அல்ல. பல வருடம் விரிந்து கிடந்த தசை அது. முகம் சுளிக்காமல் துடைத்துவிடுங்கள். அவர்கள் இத்தனை வருடம் மறைத்ததே அந்த முகச்சுளிப்புக்குப் பயந்துதான்.

மறுபடி மலையேறுதல்

குடலை வெட்டி இணைத்தவர்கள் டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக மலையேறிவிட வேண்டாம் என்பது என் கருத்து. இணைப்பு கசிந்தால் அது பெரும்பாலும் முதல் பத்து நாளில் தெரியும்: காய்ச்சல், அடிவயிற்று வலி, சீழ், வயிறு உப்புதல். மஞ்சூரிலோ கொளப்பள்ளியிலோ இருக்கும்போது அது தெரிந்தால் மறுபடி நான்கு மணி நேரம். கீழே உறவினர் வீடு இருந்தால் அந்தப் பத்து நாளைக் கழித்துவிட்டு, தையலைக் காட்டிவிட்டு ஏறுங்கள். ஊட்டியில் ஆபரேஷன் நடந்தவர்களுக்கும் இதே கணக்குத்தான், ஊட்டியிலேயே தங்குங்கள்.

குன்னூர் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள், கிளம்பும் முன் அதற்கு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஓங்கரிப்பது வயிற்றை அழுத்தும். பர்லியாறில் நிறுத்தி, இறங்கி நின்று, மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பஸ்ஸின் பின் இருக்கை வேண்டவே வேண்டாம்.

வீட்டில் ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. நமக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறேன். வீடு மேலே, தண்ணீர்க் குழாய் கீழே, நடுவே நாற்பது படி. ஒரு குடம் தண்ணீரே பத்துக் கிலோவைத் தாண்டும். ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே தண்ணீருக்கும் விறகுக்கும் யார் என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பேசாமல் விட்டால் பத்தாம் நாள் அந்த அம்மாவே குடத்தோடு இறங்குவார், நான் பார்த்திருக்கிறேன்.

கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், முக்க வேண்டாம், கைப்பேசி வேண்டாம். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு முக்காலி. மலம் அடக்கும் பயிற்சியை, அதாவது ஆசனவாயை ஐந்து எண்ணும் வரை இறுக்கி மெல்ல விடுவதை, டாக்டர் எப்போது தொடங்கலாம் என்கிறாரோ அன்றிலிருந்து தினமும் செய்யுங்கள். கசிவு குறைய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். எல்லோருக்கும் முழுசாக நிற்காது. பெரும்பாலோருக்குக் குறையும்.

உடனே போனைக் கையில் எடுக்க வேண்டிய நேரங்கள்: காய்ச்சல், கட்டி கட்டியாக இரத்தம், இரண்டு நாளாக வாயுவும் போகாமல் வயிறு உப்புவது, சிறுநீர் வராமல் போவது. வலை வைத்தவர்களுக்கு, வாரங்கள் கழித்து இடுப்பெலும்புக்கு நடுவே ஆழமான முதுகுவலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அது சாதாரண முதுகுவலி இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போக வேண்டும்.

மறுபடி இறங்குகிற மாதிரித் தோன்றினால், முதலில் செய்தது போலவே ஒரு படம், பக்கத்தில் ஸ்கேல். எல்லாக் காகிதமும் ஒரே பையில். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று மருமகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.